கட்டுக்குள் இருக்கும் நூல்

மாட்டுங்கா கிழக்கில் ஆஸ்திக சமாஜம் கோவிலுக்குப் போகிற வழியில் ஒரு பூக்கார அக்கா உட்கார்ந்திருப்பார். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம்; மும்பைக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. இருட்டோடு தாதர் பூ மார்க்கெட்டுக்குப் போய் உதிரி மல்லி வாங்கிவந்து, எட்டு மணிக்குள் கடையை விரித்துவிடுவார். அவர் மகன் கல்லூரியில் முதலாம் ஆண்டு உயிரியல் படிக்கிறான். நான் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து, பாடத்தில் புரியாததையெல்லாம் எனக்கென்று சேர்த்து வைத்திருப்பான்.

போன மாதம் அவன் கேட்டது இது: "அத்தை, உடம்புல எல்லா செல்லுலயும் ஒரே டிஎன்ஏதான்னு புக்ல போட்டிருக்கு. அப்போ கண்ணு ஏன் கண்ணா இருக்கு, ஈரல் ஏன் ஈரலா இருக்கு?"

உயிரியலில் இதைவிட நல்ல கேள்விகள் அதிகம் இல்லை. கண் வில்லையில் கிரிஸ்டலின் என்ற வகைப் புரதங்கள் அடர்ந்து கிடக்கின்றன; அதனால்தான் அது கண்ணாடி போல ஒளியை உள்ளே விடுகிறது. கல்லீரல் நாள் முழுக்க ஆல்புமின் தயாரித்து ரத்தத்தில் சேர்க்கிறது. வில்லைக்கு வேண்டிய கிரிஸ்டலின் மரபணுக்கள் கல்லீரல் செல்லிலும் அப்படியே இருக்கின்றன. ஆனால் அவற்றில் பலவற்றை அங்கே படிக்க ஆளில்லை. மனித செல்லில் புரதத்துக்கான மரபணுக்கள் மட்டும் சுமார் 20,000. ஒவ்வொரு வகை செல்லும் அவற்றில் ஒரு பங்கைத்தான் திறந்து படிக்கிறது. முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவே கிடையாது, சில நோயெதிர்ப்பு செல்கள் தங்கள் டிஎன்ஏவைக் கொஞ்சம் வெட்டி ஒட்டிக்கொள்கின்றன, இவை விதிவிலக்குகள். மற்றபடி புத்தகம் ஒன்றுதான். எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதில்தான் கண்ணும் ஈரலும் வேறாகின்றன.

எந்தப் பக்கம் திறப்பது, எதை மூடுவது என்று தீர்மானிப்பதில் பெரிய பங்கு டிஎன்ஏவைக் கட்டி வைத்திருக்கும் விதத்துக்கு உண்டு. அந்தக் கட்டுக்குப் பெயர் குரோமாட்டின். அவனுக்கு அதை விளக்க நான் எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. அவன் அம்மாவின் மடியிலேயே இருந்தது.

முதலில் ஏன் கட்ட வேண்டும் என்று பார்ப்போம். ஒரு மனித செல்லில் இருக்கும் டிஎன்ஏவை எல்லாம் நீட்டி ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் சுமார் 2 மீட்டர் வரும். அது அடங்கியிருக்கும் உட்கருவின் குறுக்களவோ 6 மைக்ரான் அளவில் இருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஆறு பங்கு. உட்கருவை ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குப் பெரிதாக்கினால், அதற்குள் இருக்கும் நூலின் நீளம் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். மாட்டுங்கா ரோடு ஸ்டேஷனில் ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை சர்ச்கேட் போய்ச் சேர்ந்துவிடும். அந்தப் பெரிதாக்கிய நூலும் தலைமுடியைவிட மெல்லியதுதான். இதைச் சிக்கில்லாமல் ஒரு எலுமிச்சைக்குள் அடைக்க வேண்டும். அதோடு, வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்தை எடுத்துப் படிக்கவும் முடிய வேண்டும். திணிப்பது சுலபம். திணித்ததைப் படிக்கிற மாதிரி வைப்பதுதான் கடினம்.

இப்போது அக்காவின் கையைப் பாருங்கள். இடது கையில் நூல். இரண்டு மொட்டு இந்தப் பக்கம் பார்க்க, இரண்டு மொட்டு அந்தப் பக்கம் பார்க்க, காம்புகள் ஒன்றன்மேல் ஒன்று படும்படி வைக்கிறார். நூலைக் காம்புகளைச் சுற்றி வளைத்து, விரலில் ஒரு கண்ணி போட்டு, இழுத்து இறுக்குகிறார். கொஞ்சம் நூல் விட்டு அடுத்த நான்கு மொட்டு. யாரிடமாவது பேசிக்கொண்டே செய்வார், கை நிற்காது. ஒரு முழம் முடிந்து தூக்கிப் பார்த்தால் நூல் கண்ணுக்கே தெரியாது. காம்புகளைச் சுற்றி உள்ளே போய்விட்டது. வெளியே நீட்டிக்கொண்டிருப்பது மொட்டுகள்.

டிஎன்ஏவும் இப்படித்தான் இருக்கிறது. அங்கே பூக்களின் இடத்தில் ஹிஸ்டோன் என்ற புரதங்கள். எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 என்று நான்கு வகை. வகைக்கு இரண்டு வீதம் எட்டு சேர்ந்து ஒரு கொத்து. மல்லி இரண்டு, கனகாம்பரம் இரண்டு, மரு இரண்டு, முல்லை இரண்டு வைத்துக் கட்டிய கதம்பக் கொத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கொத்தைச் சுற்றி டிஎன்ஏ நூல் ஒன்றே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றிக்கொள்கிறது. அந்தச் சுற்றுக்குள் டிஎன்ஏவின் 147 எழுத்துகள் (ஏ, டி, ஜி, சி என்ற வேதி எழுத்துகள்) அடங்குகின்றன. நூல் சுற்றிய இந்தக் கொத்துக்குப் பெயர் நியூக்ளியோசோம். அப்புறம் கொஞ்சம் இடைநூல், அடுத்த கொத்து. சராசரியாக 200 எழுத்துக்கு ஒரு கொத்து என்று கணக்குப் போட்டால், ஒரே செல்லில் சுமார் 3 கோடி கொத்துகள். ஒவ்வொரு ஹிஸ்டோனிலிருந்தும் ஒரு வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, சரத்தில் மொட்டு நீட்டிக்கொண்டிருப்பதைப் போலவே. பின்னால் வரப்போகிற எல்லாவற்றுக்கும் இந்த வால்தான் முக்கியம்.

உவமை ஓர் இடத்தில் ஒத்துவராது, அதையும் சொல்லிவிடுகிறேன். பூச்சரத்தில் நமக்கு வேண்டியது பூ. நூல் வெறும் பிடிப்பு. செல்லில் நூல்தான் சரக்கு. தமிழில் நூல் என்றால் இழையும்தான், ஏடும்தான். டிஎன்ஏ இந்த இரண்டு பொருளிலும் நூல். அதைச் சுற்றி வைத்தால் கச்சிதமாக அடங்கும், ஆனால் சுற்றின இடத்தைப் படிக்க முடியாது. ஆக, கட்டின உடனேயே பூட்டும் விழுந்துவிடுகிறது.

ஹிஸ்டோனை முதலில் பிரித்தெடுத்தவர் ஜெர்மானியரான ஆல்பிரெக்ட் கோசல், 1884இல், வாத்து இனத்தின் ரத்தத்திலிருந்து. பறவைகளின் சிவப்பணுக்களில் உட்கரு உண்டு, அதனால் அது நல்ல மூலப்பொருள். அதன்பிறகு கிட்டத்தட்ட தொண்ணூறு ஆண்டுகள் ஹிஸ்டோன் எப்படி டிஎன்ஏவோடு பொருந்துகிறது என்று யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. 1974இல் ஆடா ஒலின்ஸ், டொனால்ட் ஒலின்ஸ் தம்பதியர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த படங்களில் கோத்த மணிகள் மாதிரி அது தெரிந்தது. அதே ஆண்டு ரோஜர் கோர்ன்பெர்க் எட்டுப் புரதம், 200 எழுத்து என்ற கணக்கை முன்வைத்தார். 1997இல் அணு அணுவாக அதன் வடிவம் வெளிவந்தது.

என்னைக் கேட்டால், படங்களைவிட இதை நம்ப வைப்பது ஓர் எளிய சோதனைதான். பாக்டீரியாவிலிருந்து கிடைக்கும் ஒரு நொதி இருக்கிறது. அது டிஎன்ஏவை வெட்டும், ஆனால் கொத்தில் சுற்றியிருக்கும் பகுதியை எளிதில் தொடாது. திறந்து கிடக்கும் இடைநூலைத்தான் வெட்டும். செல்களின் உட்கருவில் இதைக் கொஞ்ச நேரம் விட்டு நிறுத்திவிட்டு, டிஎன்ஏவை மட்டும் பிரித்து, ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சி நீளவாரியாகப் பிரியவிடுவோம். புற ஊதா விளக்கின் கீழே வைத்தால் ஏணி மாதிரி படிகள் தெரியும். அடியில் 200 எழுத்துக்குச் சற்றுக் குறைந்த ஒரு படி, அதற்கு மேல் 400 அளவில் ஒன்று, 600 அளவில் ஒன்று. நடுவில் இருட்டு. அக்காவின் சரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கத்தரியால் இடைநூலில் மட்டும் வெட்டினால் என்ன கிடைக்கும்? ஒரு கொத்து, இரண்டு கொத்து, மூன்று கொத்து. அரைக் கொத்து கிடைக்காது. நான் முதன்முதலில் அந்த ஏணியைப் பார்த்த இரவு ஆய்வகத்தில் வேறு யாரும் இல்லை. ரொம்ப நேரம் விளக்கை அணைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

சரி, கட்டு எங்கும் ஒரே மாதிரி இருக்கிறதா? இல்லை. இதற்கும் அக்காவிடம் விளக்கம் உண்டு. "நெருக்கிக் கட்டுனா முழத்துக்குப் பூ நெறையப் பிடிக்கும், கட்டுப்படியாகாதும்மா" என்பார். கல்யாணத்துக்கு நெருக்கக் கட்டு, அன்றாட விற்பனைக்கு இடைவிட்ட கட்டு. செல்லின் உட்கருவிலும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. 1928இல் எமில் ஹைட்ஸ் என்பவர் பாசிச் செடிகளின் செல்களில் சாயம் ஏற்றிப் பார்த்தபோது, குரோமோசோமின் சில பகுதிகள் எப்போதும் இருண்டே இருந்தன, மற்றவை வெளிறி இளகின. இருண்டதற்கு ஹெட்டிரோகுரோமாட்டின் என்றும் இளகியதற்கு யூகுரோமாட்டின் என்றும் பெயர் வைத்தார். பெரும்பாலும் நெருக்கக் கட்டில் இருக்கும் மரபணு பேசாது. இளக்கமான இடத்தில் இருப்பது பேசலாம். பேசியே தீரும் என்று சொல்ல முடியாது.

இதன் வலு எவ்வளவு என்பதற்கு உங்கள் பால்கனிச் செம்பருத்தியிலேயே சாட்சி இருக்கிறது. அதில் வெள்ளையாகப் பிடிக்கும் மாவுப்பூச்சியைத் திட்டாதவர்கள் கிடையாது. அந்தப் பூச்சியில் ஆண், பெண் இரண்டுக்கும் தாயிடமிருந்து ஒரு தொகுதி, தந்தையிடமிருந்து ஒரு தொகுதி குரோமோசோம்கள் வருகின்றன. ஆண் பூச்சியில் தந்தை கொடுத்த தொகுதி முழுவதும் கரு நிலையிலேயே சுருண்டு இறுகி மௌனமாகிவிடுகிறது. டிஎன்ஏவில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை. கட்டு மாறினதால் மட்டுமே பாதி மரபு அடைபட்டுப் போகிறது. நம்மிலும் பெண்களின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று இப்படிச் சுருங்கி ஒதுங்கியிருக்கிறது. அதை மேரி லயன் 1961இல் சொன்னார்.

இறுக்குவது யார், இளக்குவது யார்? இங்கேதான் அந்த வால் வருகிறது.

டிஎன்ஏ முழுக்க பாஸ்பேட் இருப்பதால் அதற்கு எதிர்மின்னூட்டம். ஹிஸ்டோன்களில், குறிப்பாக அவற்றின் வால்களில், லைசின் என்ற அமினோ அமிலம் நிறைய, அதற்கு நேர்மின்னூட்டம். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்கின்றன. லைசினின் நுனியில் அசிட்டைல் என்ற சின்ன வேதிக்குழுவை ஒட்டினால் அந்த நேர்மின்னூட்டம் போய்விடும். வால் டிஎன்ஏவைப் பிடித்த பிடி தளரும். கட்டு இளகும், படியெடுக்கும் இயந்திரம் உள்ளே வர இடம் கிடைக்கும். அசிட்டைல் ஒட்டுவதற்கும் மரபணு படியெடுக்கப்படுவதற்கும் தொடர்பிருக்கலாம் என்று வின்சென்ட் ஆல்ஃப்ரே 1964இலேயே எழுதினார். அதைப் பலர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹிஸ்டோன் என்றால் நூல் சுற்றும் கட்டை, அவ்வளவுதான் என்ற எண்ணம் நிலவிய காலம். ஈஸ்டில் ஹிஸ்டோன் வால்களை மாற்றினால் மரபணுக்களின் போக்கே மாறுகிறது என்று மைக்கேல் கிரன்ஸ்டைன் குழு காட்டியது. 1996இல் டேவிட் ஆலிஸ் குழு, குளத்து நீரில் வாழும் டெட்ராஹைமினா என்ற ஒற்றைச் செல் உயிரியிலிருந்து அசிட்டைல் ஒட்டும் நொதியைப் பிடித்தது. அது ஈஸ்டில் மரபணுவைத் தூண்டும் புரதம் என்று முன்பே தெரிந்திருந்த ஒன்றின் உறவு. அதே ஆண்டு அசிட்டைலை எடுத்துவிடும் நொதியை ஸ்டூவர்ட் ஷ்ரைபர் குழு கண்டது. அதுவும் மரபணுவை அடக்கும் புரதம் ஒன்றின் உறவாகவே இருந்தது. ஒட்டுபவர் தூண்டுபவர், நீக்குபவர் அடக்குபவர். முப்பது ஆண்டுகள் காத்திருந்த ஒரு ஊகம் ஒரே ஆண்டில் உறுதியானது.

அசிட்டைலோடு இது முடிவதில்லை. மெத்தில் என்ற இன்னொரு குழுவும் லைசினில் ஒட்டும். ஒன்று, இரண்டு, மூன்று வரை. மெத்தில் ஒட்டினால் மின்னூட்டம் மாறாது. அப்படியானால் அது எப்படி வேலை செய்கிறது? அது ஓர் அடையாளம். அந்த அடையாளத்தைப் பார்த்து வேறு புரதங்கள் வந்து உட்காரும். எங்கே ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து வருகிற ஆள் மாறும். எச்3 வாலின் நுனியிலிருந்து எண்ணினால் 4ஆவது இடத்து லைசினில் மூன்று மெத்தில் இருந்தால், அது பெரும்பாலும் படிக்கப்படும் மரபணுவின் வாசல். 9ஆவது இடத்தில் மூன்று மெத்தில் என்றால் நெருக்கக் கட்டு. எச்பி1 என்ற புரதம் வந்து கொத்துகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடிக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது 27ஆவது இடம். ஏனென்றால் அங்கே இரண்டுமே நடக்கும். அந்த லைசினில் அசிட்டைல் ஒட்டினால் அது உயிரோட்டமான இடம். அதே லைசினில் மூன்று மெத்தில் ஒட்டினால் பூட்டு. இரண்டும் ஒரே சமயத்தில் ஒட்ட முடியாது, நுனி ஒன்றுதான். மெத்தில் ஒட்டும் கூட்டத்துக்குப் பாலிகோம்ப் என்று பெயர். பெயர் வந்தது பழ ஈயிலிருந்து. ஆண் ஈக்கு முன்னங்கால்களில் மட்டும் சீப்பு மாதிரி ஒரு மயிர் வரிசை உண்டு. இந்தக் கூட்டத்தில் ஒரு மரபணு பழுதானால் மற்ற கால்களிலும் சீப்பு முளைக்கும். சீப்பை உண்டாக்கும் திட்டம் எல்லாக் கால்களிலும் இருந்துகொண்டேதான் இருந்தது. பூட்டி வைத்திருந்தார்கள், பூட்டு போனதும் அது வெளியே வந்துவிட்டது. கண் ஏன் கண், ஈரல் ஏன் ஈரல் என்ற அந்தப் பையனின் கேள்விக்கு ஒரு ஈயின் கால் பதில் சொல்லிவிட்டது.

இந்தக் குறிகளை எழுதும் நொதிகள் உண்டு, அழிக்கும் நொதிகள் உண்டு, வாசிக்கும் புரதங்கள் உண்டு. மெத்தில் குறியை அழிக்கவே முடியாது என்று நீண்ட காலம் நம்பினார்கள். 2004இல் அழிக்கும் முதல் நொதி கிடைத்தது. இவை தவிர, குறி எதுவும் எழுதாமல் கொத்தையே நூலின் மேல் நகர்த்தும், சில நேரம் உருவிப் போடும் இயந்திரங்களும் இருக்கின்றன. அவை செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைச் செலவழித்து இதைச் செய்கின்றன. டிஎன்ஏ எழுத்துகளின் மேலேயே மெத்தில் ஒட்டுவதும் உண்டு. அது தனிக் கதை, இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒரு தவறான புரிதலை இங்கேயே தடுத்துவிட வேண்டும். இந்தக் குறி இருந்தால் திறப்பு, அந்தக் குறி இருந்தால் மூடல் என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வுக்கு அது போதும். ஆனால் எந்த மரபணுவில் குறி எழுத வேண்டும் என்று அந்த நொதிகளுக்குத் தானாகத் தெரியாது. டிஎன்ஏவின் குறிப்பிட்ட எழுத்து வரிசையை அடையாளம் கண்டு ஒட்டும் புரதங்கள் இருக்கின்றன. அவைதான் பல நேரங்களில் நொதிகளை அழைத்துவருகின்றன. சில குறிகள் மரபணு படிக்கப்படுவதால் ஏற்படும் தடம். படிக்கப்படக் காரணம் அவை இல்லை. எது காரணம், எது தடம் என்று பிரித்தறிவதில்தான் இன்றும் ஆராய்ச்சியாளர்கள் மோதிக்கொண்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்கா ஒரு ஈரத்துணியை விலக்கினார். மல்லி வாசனை மூக்கில் ஏறியது. நல்லவேளை, அதுவும் குரோமாட்டின் பாடம்தான்.

மூக்கின் உச்சியில் இருக்கும் நரம்பு செல்கள் வாசனை மூலக்கூறுகளைப் பிடிப்பதற்கான வாங்கிப் புரதங்களை வைத்திருக்கின்றன. மனிதனிடம் வேலை செய்யும் வாங்கி மரபணுக்கள் சுமார் 400. எலிகளில் ஆயிரத்துக்கும் மேல். ஆனால் ஒரு நரம்பு செல் அவற்றில் ஒன்றே ஒன்றைத்தான் திறக்கும். அதிலும் தாய் வழி, தந்தை வழி என்று இருக்கும் இரண்டு பிரதிகளில் ஒன்றை மட்டும். இரண்டைத் திறந்தால் எந்த வாசனை வந்தது என்று மூளைக்குக் குழப்பம். இந்தக் கட்டுப்பாடு எப்படி வருகிறது? எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டியது இது: முதலில் அத்தனை வாங்கி மரபணுக்களின் மேலும் அந்த 9ஆவது இடத்து மெத்தில் பூட்டு விழுகிறது. பிறகு ஒன்று மட்டும் பூட்டிலிருந்து விடுபடுகிறது. அந்த வாங்கி உருவானதும், இனி எதையும் திறக்க வேண்டாம் என்று உட்கருவுக்குச் செய்தி திரும்பிப் போகிறது. எது திறக்கும் என்பதில் தற்செயலுக்கும் பெரிய பங்குண்டு. பக்கத்துப் பக்கத்து செல்களில் வெவ்வேறு வாங்கிகள் திறக்கின்றன. மல்லி மணம் என்பது இப்படி ஒன்றைத் திறந்து மற்றதையெல்லாம் மூடிக்கொண்ட செல்கள் பல சேர்ந்து அனுப்பும் செய்தி.

ஒரு மரபணுவைப் பற்றி இப்படிச் சொல்லலாம். ஆனால் மரபுத்தொகுதி முழுக்க, அதாவது ஒரு பிரதியில் இருக்கும் 300 கோடி எழுத்தின் நெடுகிலும், எங்கே எந்தக் குறி இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதைத்தான் நான் வாரத்தில் பாதி நாள் செய்கிறேன். செல்களின் மேல் ஃபார்மால்டிஹைடு ஊற்றிப் பத்து நிமிடம் வைத்தால், டிஎன்ஏவும் அதைப் பிடித்திருக்கும் புரதங்களும் இருந்த இடத்திலேயே உறைந்துவிடும். பிறகு செல்களை உடைத்து, ஐஸில் வைத்து, ஒலி அலையால் டிஎன்ஏவைச் சில நூறு எழுத்து நீளத் துண்டுகளாக்குவோம். அந்தக் கூழில், உதாரணமாக 27ஆவது இடத்து அசிட்டைலை மட்டும் பிடிக்கும் எதிர்ப்புரதத்தை (ஆன்டிபாடி) போட்டு இரவு முழுக்கக் குளிரில் சுழலவிடுவோம். மறுநாள் காந்த மணிகளால் அதைத் தூக்கினால், அந்தக் குறி இருந்த கொத்துகளும் அவற்றைச் சுற்றிய நூல் துண்டுகளும் மட்டும் கூடவே வரும். சூடாக்கி உறைவைக் கலைத்து, துண்டுகளின் எழுத்துகளைப் படித்து, மரபுத்தொகுதி வரைபடத்தில் எது எங்கே சேரும் என்று கணினி பொருத்தும். திரையில் சமதரையில் குன்றுகள் மாதிரி எழும்பும். குன்று இருக்கும் இடத்தில் குறி இருந்திருக்கிறது. 2007 வாக்கில் இந்த முறை பரவலானது. அதற்கு முன்பு தனித்தனி மரபணுவாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், ஒரே பார்வையில் ஊரையே பார்க்க ஆரம்பித்தார்கள். 2015இல் வெளியான ஒரு பெரிய கூட்டுத் திட்டத்தில் 111 வகை மனித செல்களுக்கும் திசுக்களுக்கும் இப்படி வரைபடம் கிடைத்தது.

அந்தக் குன்றுகள் சொன்ன ஆச்சரியம், அவற்றில் பல மரபணுக்களின் மேலேயே இல்லை என்பது. புரதத்துக்கான எழுத்துகள் மரபுத்தொகுதியில் 2 சதவீதத்துக்கும் குறைவு. மிச்சத்தில் எங்கெங்கோ, மரபணுவிலிருந்து ஆயிரக்கணக்கான எழுத்துகள் தள்ளி, சில நேரம் பத்து லட்சம் எழுத்து தள்ளிக்கூட, 27ஆவது இடத்து அசிட்டைலோடு குன்றுகள் நின்றன. இவற்றுக்கு என்ஹான்சர் என்று பெயர். நூல் வளைந்து கண்ணி போட்டு, தூரத்தில் இருக்கும் என்ஹான்சரை மரபணுவின் வாசலுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறது. கல்லீரல் செல்லையும் நரம்பு செல்லையும் ஒப்பிட்டால் மரபணு வாசல்களின் குன்றுகள் பெரும்பாலும் ஒத்திருக்கும். என்ஹான்சர் குன்றுகள்தான் செல் வகைக்கு வகை மாறும்.

இது மருந்தாகவும் ஆகியிருக்கிறது. அம்மாவின் வயிற்றில் இருக்கும்போது நமக்கு ஒரு வகை ஹீமோகுளோபின். பிறந்த சில மாதங்களில் அது குறைந்து வயது வந்தோர் வகை வந்துவிடும். கரு வகைக்கான மரபணு எங்கேயும் போய்விடுவதில்லை. எலும்பு மஜ்ஜையில் ரத்தம் உருவாக்கும் செல்களில் அது மூடப்படுகிறது, அவ்வளவுதான். பீட்டா தலசீமியா, அரிவாள் செல் நோய் இரண்டிலும் பழுது வயது வந்தோர் வகையில். கரு வகையை மறுபடி திறக்க முடிந்தால் நோயாளி பிழைத்துக்கொள்வார். மூடி வைப்பதில் முக்கிய ஆள் பிசிஎல்11ஏ என்ற புரதம். அது அசிட்டைலை நீக்கும் நொதிகள் அடங்கிய ஒரு கூட்டத்தை அழைத்துவந்து அங்கே உட்கார வைக்கிறது. அந்தப் புரதத்தையே ஒழித்துவிடலாம் என்றால், அது உடம்பில் வேறு இடங்களிலும் வேண்டும். ஆனால் அந்த மரபணுவுக்குச் சிவப்பணு வழிச் செல்களில் மட்டும் வேலை செய்யும் ஒரு என்ஹான்சர் இருந்தது. நோயாளியின் ரத்த மூலச் செல்களை எடுத்து, டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் முறையில் அந்த என்ஹான்சரை மட்டும் வெட்டிப் பழுதாக்கி, திரும்பச் செலுத்தினார்கள். கரு ஹீமோகுளோபின் திரும்பி வந்தது. 2023 நவம்பரில் பிரிட்டன் இதற்கு அனுமதி கொடுத்தது, அடுத்த மாதம் அரிவாள் செல் நோய்க்கு அமெரிக்காவும் கொடுத்தது. அமெரிக்காவில் இதன் விலை 22 லட்சம் டாலர். சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டு பள்ளிக்குப் போகும் தலசீமியாக் குழந்தைகளை நான் மும்பையில் பார்த்திருக்கிறேன். அந்த விலையைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஆனாலும் எங்கே கை வைக்க வேண்டும் என்று இப்போது தெரிந்திருக்கிறது. இது சின்ன விஷயமில்லை.

புற்றுநோயிலும் இதே இடங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. குழந்தைகளின் மூளைத் தண்டில் வரும் கொடிய கட்டிகளில் பெரும்பாலானவற்றில், எச்3 ஹிஸ்டோனிலேயே ஒரு பிழை இருப்பதை 2012இல் கண்டார்கள். அதே 27ஆவது இடத்தில் லைசினுக்குப் பதில் மெத்தியோனின் என்ற வேறு அமினோ அமிலம். எச்3க்கு நம்மிடம் பல மரபணுப் பிரதிகள் உண்டு. அவற்றில் ஒன்றில் இந்தப் பிழை வந்தாலே மெத்தில் ஒட்டும் பாலிகோம்ப் கூட்டத்தின் வேலை தடைபட்டு, மரபுத்தொகுதி நெடுக அந்தப் பூட்டுகள் குறைந்துபோகின்றன. கொத்தை நகர்த்தும் இயந்திரங்களில் ஒரு குடும்பத்தின் பாகங்கள், மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் பழுதாகியிருக்கின்றன. அசிட்டைல் நீக்கும் நொதியைத் தடுக்கும் வோரினோஸ்டாட் என்ற மருந்து 2006இல் தோலில் வரும் ஒரு வகை லிம்போமாவுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இது பூட்டைத் திறக்கும் தனிச் சாவி மாதிரி இல்லை. மரபுத்தொகுதி முழுக்க அசிட்டைல் ஏறும். அதனால்தான் பக்கவிளைவுகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் பையன் செல்போனை நீட்டினான். எண்ணத்தால் மரபணுவை மாற்றலாம், பாட்டி பட்ட துயரம் பேத்தியின் ஹிஸ்டோனில் எழுதியிருக்கும் என்றெல்லாம் ஒரு வாட்ஸ்அப் செய்தி. இவற்றைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் உண்மையே போதுமான அளவு வியப்பானது. சூழலும் உணவும் செல்களின் குறிகளைப் பாதிக்கின்றன என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மனித விந்தணு உருவாகும்போது பெரும்பான்மை ஹிஸ்டோன்கள் கழற்றப்பட்டு, புரோட்டமைன் என்ற வேறு புரதங்கள் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. கரு உருவான பிறகு மறுபடி பெரிய துடைப்பு நடக்கிறது. தாவரங்களிலும் புழுக்களிலும் சில குறிகள் தலைமுறை தாண்டிப் போவது உறுதியாகியிருக்கிறது. மனிதர்களில் அப்படி உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. உங்கள் மரபணுவைத் திருத்தித் தருகிறேன் என்று மாத்திரையோ தியானமோ விற்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள்.

ஒரே உடம்புக்குள், செல்லிலிருந்து செல்லுக்குப் போவது வேறு விஷயம். அதைத்தான் அவன் கடைசியாகக் கேட்டான். "செல் ரெண்டாப் பிரியும்போது சரத்தைப் பிரிச்சுத்தானே நூலை நகலெடுக்கணும்? அப்போ கட்டு என்ன ஆகும்?"

நகலெடுக்கும் இயந்திரம் நெருங்கும்போது கொத்துகள் பிரிகின்றன. கடந்து போனதும் பழைய ஹிஸ்டோன்கள் இரண்டு புதிய நூல்களுக்கும் பங்காகப் போய், ஏறக்குறைய பழைய இடங்களிலேயே உட்காருகின்றன, தங்கள் குறிகளோடு. மிச்ச இடங்களைக் குறியில்லாத புது ஹிஸ்டோன்கள் நிரப்புகின்றன. மெத்தில் பூட்டுகளை எழுதும் நொதிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு: ஏற்கெனவே இருக்கும் குறியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் கொத்தில் அதையே எழுதும். பழையதைப் பார்த்துப் புதியது நிரம்புகிறது. அசிட்டைல் குறிகள் இவ்வளவு உறுதியாக நிலைப்பதில்லை. அவற்றை அந்தந்த செல்லின் டிஎன்ஏ ஒட்டும் புரதங்கள் வந்து மறுபடி எழுத வைக்கின்றன. இந்த இரண்டும் சேர்ந்துதான் கல்லீரல் செல் பிரிந்தால் கல்லீரல் செல்களே வருகின்றன.

அவன் நோட்டில் எட்டு மொட்டு வைத்து ஒரு கொத்து வரைந்து, அதைச் சுற்றி நூலை இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவாக வரைந்திருந்தான். வால்கள் வரைய மறந்துவிட்டான். பேனாவை வாங்கி நான் ஒன்று வரைந்தேன். மிச்சம் ஏழையும் அவன் போட்டான்.